இருபத்துமூன்றாம் மிஷினைச் சரிசெய்தவள்

என் தங்கைக்கு உட்காரத் தெரியாது. பேருந்தில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பாட்டின் நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பேர். இப்படிப்பட்டவளை ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்பது வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்திருந்தது. சட்டையின் உடம்போடு இடது கையைச் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. வலது கை பக்கத்து மிஷின்காரிக்கு. ஒரு மாற்றத்துக்காவது வலது கையைக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டாளாம். சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஒரு வருடம். நான் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் போய் அவளையும் அவள் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதே தொழிற்சாலையில் அவர்தான் மெக்கானிக். பிற்பாடு அவளை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளை நான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் அதட்டினேன், அவர் வளர்த்தார்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். படித்து முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு நடத்தைச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. 'நடத்தை: நன்று.' ஜன்னலை உடைத்தவர்களுக்கும் நன்று, மூன்று வருடம் வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்கும் நன்று. பதினாலு வருடமாக இதை அடித்து அடித்து, காகிதத்தில் நாலு நல்ல வார்த்தையைப் போட்டால் காரியம் நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. அந்த நம்பிக்கைதான் எங்கள் வீட்டில் வினையானது.

மிஷின் பராமரிப்புக்கு ஆள் பயிற்றுவிக்கும் ஒரு பெரிய பட்டறை பன்னிரண்டு பேரை எடுக்கப்போகிறது என்ற அறிவிப்பைப் பம்பரம்தான் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருடப் பயிற்சி, முடிந்ததும் அங்கேயே வேலை. சேரும் நாளில் இருபத்தெட்டு வயது ஆகியிருக்கக் கூடாது. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது ஏழு மாதம். அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது. இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் இடது கைதான்.

பயோடேட்டாவை நான்தான் தயாரித்தேன். தயாரிக்கட்டுமா என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. சுற்றிலும் பூ பார்டர் போட்டேன். தகப்பனார் பெயர், உயரம், எடை, ரத்த வகை. கடின உழைப்பாளி, நேர்மையானவர், பொறுமைசாலி, குழுவாக இணைந்து பணியாற்றுபவர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன போடுவது என்று யோசித்துத் தோட்டக்கலை என்று போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு தொட்டிச்செடி கிடையாது. அனுபவம் என்ற இடத்தில் 'தையல் பிரிவு, ஒன்பது ஆண்டுகள்' என்று ஒரே வரி. அச்செடுத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பொறுமைசாலி என்ற வார்த்தையைப் படித்துவிட்டுப் பம்பரம் என் முகத்தைப் பார்த்தாள். பேசாமல் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள், காகிதத்தோடு. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாராம். இதே மாதிரி நூற்று அறுபது வந்திருக்கிறது, பார்டர்கூட இதே பார்டர்தான் என்றாராம். "எல்லாரும் நேர்மையானவங்கதான்மா. நீங்க கையால எதச் சரி பண்ணீங்க? அத எழுதிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆரம்பம் முதல் முடிவு வரை தானே தனியாகச் செய்த ஒரு வேலை வேண்டுமாம். என்ன கோளாறு, அதை எப்படிக் கண்டுபிடித்தாய், என்ன செய்தாய், அதற்குப் பிறகு அந்த மிஷின் எப்படி ஓடுகிறது. கூடவே, ஆமாம் என்று சான்று சொல்ல ஓர் ஆளின் பேரும் போன் நம்பரும். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு என்ன தெரியும், பதினாலு வருட அனுபவம் எனக்கு என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். பம்பரம் அதைக் காதில் வாங்கவே இல்லை. தொழிற்சாலையில் தரும் உற்பத்திச் சீட்டுகளின் பின்பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து எழுதினாள். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'இருபத்துமூன்றாம் மிஷின். காலையில் நன்றாகத் தைக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் தையல் விட்டுவிட்டு விழும். மூன்று முறை ஊசி மாற்றியாயிற்று, நூலும் மாற்றியாயிற்று, பயன் இல்லை. காலையில் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனவே ஒருநாள் மூன்றரை மணிக்கு, சூடாக இருக்கும்போதே பிரித்தேன். ஹூக்கைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்றுக்கு மரை தேய்ந்திருந்தது. சூடு ஏறினால் ஹூக் நழுவுகிறது. திருகை மாற்றி, டைமிங் வைத்தேன். அதன்பின் பதினொரு மாதமாக அந்த மிஷினுக்கு ரிப்பேர் சீட்டு வரவில்லை.'

ஹூக் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு நூலையும் ஊசியையும் எடுத்துக் காட்டினாள். மிஷின் தலையைச் சாய்த்தால் அடியில் தெரியும் சின்னக் கொக்கி அது. ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும் நேரத்தில் கொக்கியின் முனை அதை உரசாமல் ஒட்டினாற்போலப் போய் நூலைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தலைமுடி போகிற இடைவெளிதான். இதுதான் டைமிங். அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க முடியும். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். நம் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு மனசு பொங்கியது.

அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தொழிற்சாலையில் தைக்கிறவர்கள் திருப்புளியைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போய்விடும். எந்த மிஷின் நின்றாலும் மெக்கானிக் வந்து பார்த்து, மிஷினில் கட்டித் தொங்கும் ரிப்பேர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அது மறுபடி ஓடும். அந்தக் கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. "இத நீ பண்ணினா, உங்க மாமா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டேன். பம்பரம் எழுந்து போய், கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

நான் விடவில்லை. பின்னாலேயே போய் நின்றேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியலக்கா. மூணு வருஷமாச்சு. சுத்தி இருக்கறது தெரியுது, நடுவுல இருக்கறது தெரியல. கண்ணாடி எத்தனையோ மாத்திப் பாத்தாச்சு."

மிஷின் நின்றால் அவர் வருவார். சத்தத்தை வைத்தும், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தும் பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று இவளைக் கூப்பிடுவார். இவள் குனிந்து ஊசியையும் ஹூக்கையும் பார்த்து வைப்பாள். சீட்டில் அவர் கையெழுத்துப் போடுவார். போகப் போகக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் இவளே என்றாகிவிட்டது. இருபத்துமூன்றாம் மிஷினுக்கு மூன்று தடவை ஊசி மாற்றிவிட்டு அவர் கையை விரித்துவிட்டாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ தாங்கமாட்டாய் என்று மாமாதான் சொல்ல வேண்டாமென்றார் என்றாள்.

எனக்கு வந்த அழுகையில் துக்கம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று தெரியவில்லை. மூன்று வருடமாக அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நினைத்திருந்தேன். நான் பேசினால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். வயசாக வயசாக மனுஷனுக்கு என்னைக் கண்டால் பிடிக்கவில்லை என்று எண்ணி, நானும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசப் பழகிவிட்டேன். நேராகப் பார்த்தால் என் முகம் தெரியாது என்பதால்தான் அவர் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பேப்பரில் எல்லாம் பொய்யாகப் போடுகிறான் என்று பேப்பரை நிறுத்தியவரும் இவர்தான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பள்ளியில் ஒரு சான்றிதழில் பிள்ளையின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'நன்று' என்று அடித்துவிட்டேன். இந்தப் பயோடேட்டா பட்டறைக்குப் போகும். பட்டறைக்காரர்கள் தொழிற்சாலைக்குப் போன் போடுவார்கள். மெக்கானிக்குக்குக் கண் தெரியாது என்று ஒரே நாளில் வெளியே வந்துவிடும். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அவர் இதற்குள் என்ன செய்துவைத்திருந்தார் தெரியுமா? பம்பரம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, உள்ளது உள்ளபடி எழுது, சான்று சொல்லும் ஆளாக என் பேரையே போடு, கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். இருவரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது தட்டச்சு ஒன்றுதான்.

கடைசி நாள் காலை, அலுவலகத்தில் யாரும் வருவதற்கு முன்னால் போய் அடித்தேன். பூ பார்டர் இல்லை, தோட்டக்கலை இல்லை. அவள் எழுதியது எழுதியபடி வந்தது. 'பிரித்தேன்', 'மாற்றி', 'டைமிங் வைத்தேன்' என்று வந்த இடத்தில் என் விரல் நின்றது. எழுந்து ஜன்னல் வரை நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். பிறகு மூன்று இடங்களையும் மாற்றினேன். 'மெக்கானிக் பிரித்தபோது உடனிருந்தேன்.' 'மெக்கானிக் திருகை மாற்றி டைமிங் வைக்க உதவினேன்.' அச்செடுத்து, உறையில் போட்டு, ஒட்டினேன்.

கேட்டில் பம்பரம் காத்துக்கொண்டிருந்தாள். ஒட்டின உறையை வாங்கிக்கொண்டு, படித்துப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "சரியா அடிச்சிட்டியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அடித்துவிட்டேன் என்றேன். அவள் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டுவிட இரண்டு தடவை வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.

ஒரு வாரத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். எப்படிப் போயிற்று என்று கேட்டதற்கு, ஒரு மிஷினைக் கெடுத்து வைத்திருந்தார்கள், சரிசெய்து கொடுத்தேன் என்றாள். வேறு ஏதாவது கேட்டார்களா என்றேன். பயோடேட்டாவில் இருந்து கேட்டார்கள் என்றாள். என்ன கேட்டார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. ஐந்து நாள் நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்குள் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்த ஐந்து நாளில் நான்தான் பம்பரம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. பன்னிரண்டு பேரில் அவள் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். அவள் கவுன்ட்டர் அம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். செய்முறைத் தேர்வில் உனக்குத்தான் அதிக மார்க், தனியாகச் செய்த வேலை என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லையே, அதில் விழுந்துவிட்டது என்றாராம். இதையெல்லாம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பட்டறையிலிருந்து அவருக்கும் போன் வந்திருக்கிறது. உதவிக்கு இருந்த பெண்ணே இவ்வளவு நுணுக்கமாக டைமிங் வைக்கிறாள் என்றால் அந்த மெக்கானிக் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும், சனிக்கிழமைகளில் வந்து புதிதாகச் சேரும் பன்னிரண்டு பேருக்கும் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்களாம். சொல்லிவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அவ உதவினான்னு எழுதியிருக்காமே."

உங்களுக்காகத்தான் என்றேன். வேலை போயிருந்தால் என்ன செய்வது, ஆறு வருடம் இருக்கிறதே, மூன்று பேரும் நடுத்தெருவிலா நிற்பது என்று வந்ததையெல்லாம் கொட்டினேன். நான் நிறுத்திய பிறகு கேட்டார்.

"எனக்காகன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நான் பம்பரத்தின் பக்கம் திரும்பினேன். இவளாவது சண்டைக்கு வரட்டும், கத்தட்டும், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அழுதுவிடலாம் என்று நினைத்தேன். அவள் நடந்ததை மட்டும் சொன்னாள். தேர்வு அறையில் அந்தக் காகிதத்தை நீட்டி, நீ உதவிதான் செய்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய், இல்லையென்று சொல்லியிருக்கலாமே என்று அவளிடமே கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வெட்கம் இருந்திருக்க வேண்டும்.

"எங்கக்கா அடிச்சுக் குடுத்தது பொய்னு அவங்ககிட்ட நான் எப்படிக்கா சொல்றது?" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி அரை நாள்தான். எல்லோரும் போன பிறகு மூன்று பேரும் என் அலுவலக அறைக்குப் போனோம். இரும்பு அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்தான் உண்டு. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், அவர்கள் இருவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். பட்டறைக்கு ஒரு கடிதம் வேண்டும், நான் சொல்லச் சொல்ல அடி என்றார் அவர்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்வான பன்னிரண்டு பேரில் ஒருவன் சேர வரவில்லை. பம்பரத்துக்கு இடம் கிடைத்தது. கடிதத்தால் கிடைத்ததா, அவன் வராததால் கிடைத்ததா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அதே சனிக்கிழமை தபாலில் இன்னொரு கடிதமும் போட்டார், தன் முதலாளிக்கு. வேலையை விட்டு எடுக்கவில்லை. மிஷின் பக்கமிருந்து மாற்றி, ஸ்டோர் ரூமில் ஊசியும் பாபினும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். தடவிப் பார்த்தே எந்த நம்பர் ஊசி என்று சொல்லிவிடுகிறாராம். இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அவர் சிரிப்பது எனக்குத் தாங்கவில்லை. கண் டாக்டரிடம் மாதம் ஒருமுறை நான்தான் கூட்டிப்போகிறேன்.

ஆனால் என் மனசை விட்டுப் போகாதது அந்த அலுவலக அறைதான். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். 'விண்ணப்பத்தில் இருப்பது தவறு. அந்த வேலையை முழுவதும் செய்தது அவள். சீட்டில் இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது. எனக்குக் கண் சரியாகத் தெரியாது. மூன்று வருடமாக என் வேலையில் பெரும்பகுதியை அவள்தான் செய்தாள்.' எழுத்தெழுத்தாக அடித்தேன். ஒரு புள்ளிகூட என் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. இன்னும் நன்றாக இருக்குமே என்று இரண்டு இடத்தில் தோன்றியது, கையை அடக்கிக்கொண்டேன். அச்செடுத்து, கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, படிக்க வாயைத் திறந்தேன்.

அவர் கையை நீட்டினார்.

"நீ வேண்டாம். அவ படிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்து என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் காகிதத்தைக் கொடுத்தேன். பம்பரம் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். நாற்காலியைவிட்டு எழுந்து அலமாரி ஓரமாக ஒதுங்கினேன். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, குரலை ஏற்றாமல் இறக்காமல் படித்தாள். நான் அடித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படித்து முடித்ததும் பேனாவை வாங்கினார். வாங்கியவர், கையெழுத்துப் போடாமல், இன்னொரு தடவை படி என்றார்.